80 சீரிஸ் லேண்ட் குரூசர்: கம்பெனி டிஃப் லாக்கை நம்பலாமா, ஏர் லாக்கர் போடலாமா?

மணல்மேடு:

எல்லாருக்கும் வணக்கம். மெல்பர்னில் இருக்கிறேன். டொயோட்டா 80 சீரிஸ் லேண்ட் குரூசர் ஒன்று வாங்கலாம் என்று இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே 1994 மாடல், 4.5 லிட்டர் பெட்ரோல், ஆட்டோ கியர்.

முதல் வண்டியில் முன், பின் இரண்டிலும் கம்பெனியிலேயே வந்த எலெக்ட்ரிக் டிஃப் லாக் (இடது, வலது வீல் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி டிஃபரென்ஷியலைப் பூட்டுவது) இருக்கிறது. டேஷ்போர்டில் திருகு சுவிட்ச். பின் லாக்குக்குத் திருகினால் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறதே தவிர நிலையாக எரியவில்லை. முன் லாக்குக்குத் திருகினால் அதுவும் மின்னுகிறது. "ரொம்ப நாளா போடலை, அதான்" என்கிறார் விற்பவர்.

இரண்டாவது வண்டியில் லாக் எதுவும் இல்லை. சாதாரண ஓப்பன் டிஃப். விலை குறைவு. மிச்சமாகும் காசில் பின்னால் ஒரு ஏஆர்பி கம்பெனி ஏர் லாக்கர் (காற்றழுத்தத்தால் பூட்டும் லாக்) போட்டுக்கொள்ளலாம், முன்னால் பிறகு பார்க்கலாம் என்று யோசனை.

போகப்போவது ஹை கன்ட்ரி மலைப்பாதைகள், எப்போதாவது கடற்கரை மணல். டயர் 33 இன்ச்சுக்கு மேல் போக மாட்டேன். முப்பது வருஷப் பழைய எலெக்ட்ரிக் மோட்டாரை நம்பி மலை ஏறலாமா, அல்லது புதுசாகப் போடுவதுதான் நல்லதா? வண்டியைப் பார்க்க மறுபடி போகும்போது என்னென்ன சோதிக்க வேண்டும்?

பட்டறைவாசி:

விளக்கு மின்னுதுன்னா மோட்டார் செத்துப்போச்சுன்னு உடனே முடிவு கட்டாதீங்க. அந்த விளக்கை எரியவைக்கிறது மோட்டார் இல்லை. டிஃப் ஹவுசிங்ல தனியா ஒரு குட்டி சுவிட்ச் திருகியிருக்கும். உள்ளே ஃபோர்க் நகர்ந்து, ஸ்லீவோட பல் முழுசா மாட்டின பிறகுதான் அந்த சுவிட்ச் அழுந்தி விளக்கு நிலையா எரியும். அதுவரைக்கும் மின்னிக்கிட்டேதான் இருக்கும். நல்ல கண்டிஷன்ல இருக்கிற வண்டியிலயும் நின்ன இடத்துல திருகினா பெரும்பாலும் மின்னத்தான் செய்யும், ஏன்னா பல்லுக்குப் பல் நேரா நிக்கணும்ல.

முன் லாக் மின்னுறதுக்குத் தனியா காரணம் தேட வேண்டாம். பின் லாக் மாட்டியாச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான் ஈசியு (லாக்கைக் கட்டுப்படுத்துற குட்டிக் கம்ப்யூட்டர்) முன் மோட்டாருக்குக் கரண்ட் விடும். பின்னால கோளாறுன்னா முன்னால எல்லாம் பளபளன்னு இருந்தாலும் மாட்டாது. இன்னும் ரெண்டு நிபந்தனை உண்டு. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல இருக்கிற சென்டர் டிஃப் லாக் ஆகியிருக்கணும் (லோ ரேஞ்சுக்கு, அதாவது மெதுவான கியர் வரிசைக்குப் போட்டா ஆட்டோ வண்டியில அது தானாவே ஆகும்). வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். விற்கிறவர் ஹை ரேஞ்சுல வெச்சுத் திருகிக் காட்டினாரான்னு முதல்ல கேளுங்க.

மறுபடி போறப்ப இந்த வரிசையில பாருங்க.

முதல்ல மண் இல்லேன்னா புல் தரை. தார் ரோடு வேண்டவே வேண்டாம். லோ ரேஞ்ச், சென்டர் லாக் விளக்கு எரியுதான்னு பார்த்துட்டு, பின் லாக்குக்குத் திருகி, ஊர்ந்து போற வேகத்துல ஸ்டியரிங்கை லேசா இடம் வலம் ஆட்டிக்கிட்டே பத்துப் பதினைஞ்சு மீட்டர் போங்க. ரெண்டு பக்க வீலும் வேற வேற வேகத்துல சுத்தினாதான் பல் நேருக்கு வரும். அப்ப விளக்கு நிலைச்சுதுன்னா விற்கிறவர் சொன்னது உண்மை.

நிலைக்கலைன்னா பின்னால ஜாக்கி போட்டு ரெண்டு வீலையும் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக் பின் வீலுக்குத்தான் போகுது, அதனால அதை எடுத்துடணும். முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை கட்டாயம். லோ ரேஞ்ச், கியர் பார்க்ல, இன்ஜின் ஆஃப், சாவி மட்டும் ஆன். லாக் போடாம ஒரு வீலைக் கையால சுத்தினா மத்தது எதிர்ப்பக்கம் சுத்தும். இப்ப ஒருத்தர் லாக்குக்குத் திருகட்டும், நீங்க வீலை முன்னும் பின்னும் ஆட்டிக்கிட்டே இருங்க. "டக்"னு மாட்டி வீல் சுத்தாம நின்னுட்டா லாக் வேலை செய்யுது. வீல் நின்ன பிறகும் விளக்கு மின்னினா அந்தக் குட்டி சுவிட்ச் இல்லேன்னா அதோட வயர்தான் கோளாறு. சில்லறைச் செலவு.

வீல் நிக்கவே இல்லைன்னா மோட்டார் கனெக்டரைக் கழட்டி, மோட்டாருக்குப் போற ரெண்டு வயர்ல மல்டிமீட்டரை வெச்சுக்கிட்டு சுவிட்சைத் திருகச் சொல்லுங்க. 12 வோல்ட் வந்து, கனெக்டரைத் திரும்ப மாட்டியும் மோட்டார் சத்தமே போடலைன்னா மோட்டார் போச்சு. வோல்ட் வரலைன்னா ஃபியூஸ், திருகு சுவிட்ச், சென்டர் லாக் சிக்னல், கடைசியா ஈசியு. ஈசியு போறது அபூர்வம்.

முன் லாக்கைத் தனியா சோதிக்கணும்னா அதோட மோட்டார் வயர் ரெண்டுக்கும் 10 ஆம்ப் ஃபியூஸ் வழியா நேரடியா 12 வோல்ட் கொடுத்துப் பாருங்க. ஒரு நொடி, அதுக்கு மேல வேண்டாம். எல்லைக்கு வந்ததும் கரண்டை நிறுத்துறது வண்டியோட சர்க்யூட். நீங்க நேரடியா கொடுத்தா நிறுத்த ஆள் இல்லை. மோட்டார் முட்டிக்கிட்டு நின்னு சூடாகி கருகிடும். வயரை மாத்திக் கொடுத்தா லாக் எடுத்துக்கும். எடுக்காம விட்டுட்டு வண்டியை ஓட்டிடாதீங்க.

வன்னிப்பெடியன்:

பட்டறைவாசி சொன்ன மாதிரிச் சோதிச்சுப்போட்டு, மோட்டார்தான் பழுது எண்டு தெரிஞ்சாலும் வண்டியைக் கைவிட வேண்டாம். உந்த மோட்டார் டிஃபுக்கு வெளியில பூட்டிக் கிடக்கிற சாமான். டிஃபுக்குள்ள இருக்கிற கிரவுன், பினியன் பல்சக்கரம், பேரிங் ஒண்டிலயும் கை வைக்கத் தேவையில்லை. இதுதான் இந்த லாக்கில நான் காணுற பெரிய நன்மை. உள்ளுக்கை இருக்கிறது வெறும் பல்லுப் பூட்டு, அது லேசில பழுதாகாது. பழுதாகிறது எல்லாம் வெளியில.

ஏன் பழுதாகுது எண்டால், தண்ணி. ஆத்துக்குள்ள இறக்கேக்க சூடான மோட்டார் சட்டெண்டு குளிரும், உள்ளுக்கை காத்துச் சுருங்கும், பழைய சீலுக்குள்ளால தண்ணியை இழுக்கும். மோட்டார்க் கூட்டுக்குள்ள ரெண்டு காந்தம் பசை போட்டு ஒட்டிக் கிடக்கும். கூட்டின்ர உள்பக்கம் துருப்பிடிச்சு உப்பி, காந்தத்தைத் தள்ளிவிடும். காந்தம் கழண்டு ஆர்மேச்சரில முட்டினால் மோட்டார் இறுகிப்போம். கடற்கரைக்குப் போய்க் கழுவாமல் விட்ட வண்டி எண்டால் இன்னும் வேகமா நடக்கும்.

திருத்துற முறை இது. டிஃப் ஆயிலை வடிச்சுப்போட்டுத் தொடங்குங்கோ. பின் லாக் எடுத்த நிலையில இருக்கிறது முக்கியம். கழட்ட முதல் மோட்டார்க் கூடும் டிஃப் ஹவுசிங்கும் சேருற இடத்தில அடையாளம் கீறிப்போட்டு, கழட்டினாப் பிறகு ஃபோர்க் தண்டு எந்த இடத்தில நிக்குது எண்டும் ஒரு படம் எடுத்து வையுங்கோ. மோட்டாரின்ர சின்னப் பல்லு அந்தத் தண்டில கடிச்சுக் கொண்டிருக்கும். திருப்பிப் பூட்டேக்க ஒரு பல்லுப் பிசகினாலும் பாதி பூட்டி நிக்கும், இல்லாட்டி விளக்கு அணையாமல் எரியும். பாதி பூட்டின பல்லில பாரம் ஏறினால் நுனி மழுங்கிப்போம், பிறகு உண்மையாகவே டிஃபைத் திறக்க வேண்டி வரும்.

மோட்டார் மூடியின்ர ஸ்க்ரூ துருவில இறுகிக் கிடக்கும். சும்மா திருகினால் தலை வழுக்கும். ஊடுருவுற எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற விட்டு, இம்பாக்ட் டிரைவரால தட்டிக் கழட்டுங்கோ. காந்தத்தைக் கழட்ட முதல் எது எந்தப் பக்கம், எந்தத் தலை மேல எண்டு மார்க் பண்ணுங்கோ. மாறி ஒட்டினால் மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடும், இல்லாட்டி ஓடவே ஓடாது. கூட்டுக்குள்ள துருவை முழுக்கச் சுரண்டி வெறும் இரும்பாக்கிப்போட்டுத்தான் எபாக்ஸி போட்டு ஒட்ட வேணும். துருவுக்கு மேல ஒட்டினால் அந்தத் தடிப்பே ஆர்மேச்சரில உரசும். கொம்யூட்டேட்டரை 600 நம்பர் எமரித் தாளால மெதுவாத் துடையுங்கோ. கார்பன் பிரஷ் தேஞ்சு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாத்துங்கோ.

உள்ளுக்கை ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும், அதைக் கழட்டிப்போடாதேங்கோ. பல்லு நேருக்கு வராத நேரம் மோட்டார் அந்த ஸ்பிரிங்கை முறுக்கி வைச்சிட்டு நிண்டுவிடும், சில்லு கொஞ்சம் சுத்திப் பல்லு நேருக்கு வந்த உடன ஸ்பிரிங் தள்ளிப் பூட்டும். கழண்டு வாறதும் அப்படித்தான். ஸ்பிரிங் உடைஞ்சிருந்தால் மோட்டார் ஓடுற சத்தம் கேக்கும், லாக் மட்டும் பூட்டாது.

பூட்டேக்க புது ஓ-ரிங், கியர்ப் பக்கம் லித்தியம் கிரீஸ், மூடி விளிம்பில சிலிக்கன் சீலன்ட், கனெக்டருக்குள்ள டைஎலெக்ட்ரிக் கிரீஸ். அதுக்குப் பிறகு மாதம் ஒருக்கால் எண்டாலும் மண்ணில வைச்சு லாக்கைப் போட்டு எடுங்கோ. இந்த லாக்குகள் பாவிச்சுக் கெட்டதை விடப் பாவிக்காமல் கெட்டதுதான் கூட.

மேட்டுக்குடில்:

எதிர்க் கட்சிக்கும் ஒருவர் வேண்டும் அல்லவா, நான் ஏர் லாக்கர் பக்கம் பேசுகிறேன். ஏஆர்பி 1987-இல் இந்த வடிவமைப்பை வாங்கி விற்கத் தொடங்கியது முதல் இன்றுவரை உதிரிபாகம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. ஓ-ரிங், சீல் ஹவுசிங், சொலினாய்டு (காற்றைத் திறந்து மூடும் வால்வு) எல்லாமே தனித்தனியாக வாங்கலாம். கம்பெனி மோட்டாருக்கு அப்படி இல்லை. காந்தத்தை ஒட்டிக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது?

இரண்டாவது காரணம், ஏர் லாக்கருக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சுவிட்சுகளைத் தனித்தனியாக வயரிங் செய்துகொண்டால், பின்னது பூட்டிய பிறகுதான் முன்னது, சென்டர் லாக் இருந்தால்தான் என்ற வரிசை எதுவும் கிடையாது. செங்குத்தான இடத்தில் முன் லாக் மட்டும் போட்டு இறங்குவது, பின் லாக் மட்டும் போட்டு இறுக்கமான வளைவில் திரும்புவது என்று விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். காற்று உள்ளே போனதும் பிஸ்டன் தள்ள, கியர் பூட்டிக்கொள்ளும். விட்டதும் ரிட்டர்ன் ஸ்பிரிங் எடுத்துவிடும். வேகம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏர் லாக்கரின் ஆயுள் பாதி அந்தப் பொருளில், மீதிப் பாதி அதைப் பொருத்தும் கையில். டிஃபை முழுக்கக் கழற்றி கிரவுனைப் புதிய கேரியரில் (கிரவுனைத் தாங்கும் கூடு) ஏற்ற வேண்டியிருப்பதால், பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான இடைவெளி), பேரிங் பிரீலோடு (பேரிங்கின் இறுக்கம்), பல் தொடும் இடம் மூன்றையும் புதிதாக அமைக்க வேண்டும். 80-இன் பின் டிஃபுக்கு பேக்லாஷ் 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர். டயல் கேஜ் இல்லாமல் "கையாலேயே தெரியும்" என்று சொல்கிற பட்டறையில் கொடுக்காதீர்கள். கிரவுனில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றி, பல் தொட்ட தடத்தின் புகைப்படம் கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு பட்டறை.

கோளாறு வரும் இடங்கள்: காற்று சுழலாத சீல் ஹவுசிங்கிலிருந்து சுழலும் கேரியருக்குள் போக வேண்டும். அந்த இடத்தில் இரண்டு ஓ-ரிங். அவை தேய்ந்தால் காற்று ஆக்ஸிலுக்குள் கசியும். பின் ஆக்ஸிலில் பிரீதர் (ஆக்ஸிலின் காற்றுத் துவாரம்) வழியாக ஆயில் துப்பும், அதோடு போயிற்று. முன் ஆக்ஸிலில் விஷயம் மோசம். ஹவுசிங்குக்குள் அழுத்தம் ஏறி, உள் ஆக்ஸில் சீலைத் தாண்டி டிஃப் ஆயில் நக்கிளுக்குள் (முன் வீல் திரும்பும் மூட்டு) இறங்கும். அதற்குள் வீலைச் சுற்றவைக்கும் பிர்ஃபீல்டு ஜாயின்டில் இருக்கிற கிரீஸ் கரைந்து கறுப்புக் குழம்பாகி வெளி வைப்பர் வழியாக வீல் உள்பக்கமெல்லாம் வழியும். நக்கிள் சீல் போய்விட்டது என்று சீலை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார்கள், ஊற்றுக்கண் ஓ-ரிங்கில் இருக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. இன்ஜினை நிறுத்தி, லாக்கர் சுவிட்ச் ஆன் செய்து கம்ப்ரசர் காற்று நிரப்பி நிற்கட்டும். 15 நிமிடத்துக்குள் மறுபடி ஓடினால் கசிவு. லாக்கரை ஆஃப் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது ஓடாமல் நின்றால் கசிவு சொலினாய்டுக்கு அப்பால். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எங்கும் குமிழி வராமல், லாக்கர் போட்டால் மட்டும் பிரீதரில் "உஸ்" என்று சத்தம் வந்தால் உள்ளே ஓ-ரிங்தான். லாக்கரை எடுக்கும்போது சொலினாய்டு வெளியேற்றும் காற்றோடு ஆயில் தெறித்தால் அதுவும் அதே நோய்க்கு முன்னறிவிப்பு.

வெளியே செல்லும் நைலான் குழாய்தான் அடுத்த பலவீனம். சைலன்சர் அருகில் போனால் உருகும். ஆக்ஸில் இறங்கி ஏறத் தளர்வு விடாமல் கட்டினால் இணைப்பில் பிடுங்கும். பிரேக் ஹோஸ் போகிற வழியிலேயே கொண்டுபோய், ஹவுசிங்குக்கு அருகே பாதுகாப்புச் சுருள் போடச் சொல்லுங்கள். அந்தக் குழாயில் ஒரு மீட்டர், இரண்டு இணைப்பு எப்போதும் வண்டியில் இருக்கட்டும். காட்டில் கத்தியால் வெட்டி ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். எலெக்ட்ரிக் மோட்டாரை அப்படிச் சரிசெய்ய முடியாது.

மணல்மேடு:

மூவருக்கும் நன்றி. நேற்று முதல் வண்டியை மறுபடி பார்த்தேன். விற்பவர் முன்பு ஹை ரேஞ்சில்தான் போட்டுக் காட்டியிருக்கிறார். லோ ரேஞ்சில் புல் தரையில் ஓட்டியும் பின் விளக்கு நிலைக்கவில்லை. தூக்கிச் சுற்றிப் பார்த்தேன், வீல் நிற்கவில்லை. கனெக்டரில் 12 வோல்ட் வந்தது, மோட்டார் சத்தமே இல்லை. முன் மோட்டாருக்கு நேரடியாகக் கொடுத்ததும் "விர்"ரென்று ஓடி லாக் ஆனது, மாற்றிக் கொடுத்ததும் எடுத்துக்கொண்டது.

ஆக பின் மோட்டார் மட்டும்தான். இப்போது இரண்டு கேள்வி. பின் மோட்டாரைத் திருத்த முடியாமல் போனால், அதே டிஃபில் ஏர் லாக்கர் போட முடியுமா? இன்னொன்று, இரண்டாவது வண்டிக்கு மலிவாக "லன்ச்பாக்ஸ் லாக்கர்" போடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். டிஃபுக்குள் இருக்கும் சிறு ஸ்பைடர் கியருக்குப் பதிலாகப் போட்டால் போதுமாம், கிரவுன் பினியனைத் தொட வேண்டாமாம். முன்னால் பின்னால் இரண்டிலும் போடலாமா?

இரட்டைக்கியர்:

லன்ச்பாக்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். 80-இன் முன் டிஃபில் அதைப் போடாதீர்கள். இது எப்போதும் நான்கு வீலும் இழுக்கும் வண்டி. பார்ட் டைம் ஜீப்பில் ஹப்பை விடுவித்துவிட்டால் முன் லாக்கர் இருப்பதே தெரியாது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. சுவிட்ச் இல்லாத தானியங்கி என்பதால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் முன் வீல் இரண்டும் பூட்டிக்கொள்ளும், தார் ரோட்டில் வளைவில் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். ஈரச் சாலையில் ஆபத்து.

பின்னால் போடலாம், ஆனால் பார்க்க வேண்டியது உண்டு. அது உங்கள் பழைய கேரியருக்குள்ளேயே உட்கார்வதால், அந்தக் கேரியர் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஆயுள். பொருத்திய பிறகு லாக்கரின் நடுவில் இருக்கும் இரண்டு டிரைவர் என்ற பல் துண்டுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். இந்த வகை லாக்கர்களில் வழக்கமாகச் சொல்வது 3.7 முதல் 4.3 மில்லிமீட்டர், உங்கள் பெட்டியோடு வரும் தாளில் இருப்பதே முடிவானது. இடைவெளி அதிகமானால் பல் ஆழமாகக் கடிக்காது, பாரத்தில் "கடகட"வென்று தாண்டித் தாண்டி நுனி உடையும். தேய்ந்த த்ரஸ்ட் வாஷரையும் கிராஸ் பின்னையும் அப்படியே திரும்பப் போடுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். வளைவில் "டிக் டிக்" சத்தம் வருவது கோளாறு அல்ல, அதன் சுபாவம். திடீரென்று "டொம்" என்று விடுவிப்பது டயர் காற்று இரண்டு பக்கமும் சமமில்லாததால் இருக்கலாம், அதை முதலில் பாருங்கள்.

தானியங்கிதான் வேண்டும் என்றால் பின்னால் டெட்ராய்ட் லாக்கர் என்ற வகையே மேலானது. முழுக் கேரியரே மாறுவதால் தேய்மானப் பிரச்சினை இல்லை, வயரும் இல்லை குழாயும் இல்லை. ஆனால் அதற்கும் டிஃப் செட்டிங் செய்தாக வேண்டும், அப்புறம் மலிவு எங்கே.

பட்டறைவாசி:

அப்ப விஷயம் தெளிவாயிடுச்சு. முதல் வண்டியை எடுங்க, பின் மோட்டார் செத்துப்போச்சுன்னு காட்டி விலையைக் குறைங்க. முன் லாக் வேலை செய்யுறதுதான் அந்த வண்டியோட மதிப்பே. ஏன்னா முன் டிஃபை இறக்குறது சின்ன வேலை இல்லை. ரெண்டு பக்கமும் ஹப், ஸ்பிண்டில், பிர்ஃபீல்டு, உள் ஷாஃப்ட் வரைக்கும் உருவினாதான் டிஃப் வெளிய வரும். பின்னாடி அப்படி இல்லை. ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில், வீலைக் கழட்டாமலே ஷாஃப்டை உருவிடலாம்.

அதே டிஃப்ல ஏர் லாக்கர் போட முடியுமான்னா, கம்பெனி லாக் வந்த டிஃப் கூடு வேற, சாதாரண டிஃப் கூடு வேற. ஏர் லாக்கர் சாதாரணக் கூட்டுக்குச் செஞ்சது. அதனால பழைய வண்டியிலிருந்து முழு சாதாரண டிஃப் ஒண்ணு வாங்கி, அதுல லாக்கரை ஏத்தி, ரெடியா கொண்டுவந்து மாத்தணும். வாங்குறதுக்கு முன்னாடி மூணு அளவு பார்க்கணும்: கிரவுன் பினியன் ரேஷியோ முன் டிஃபோட ஒண்ணா இருக்கா (வேறயா இருந்தா சென்டர் லாக் போட்ட உடனே முன்னும் பின்னும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும், ஏதாவது ஒண்ணு உடையும்), ஷாஃப்ட் நீளமும் ஸ்ப்லைனும் உங்க ஷாஃப்டோட சேருதா, ஆக்ஸில் ஹவுசிங்ல ஸ்டட் எல்லாம் நேருக்கு வருதா. மோட்டாருக்கு இடம் விட்டு செஞ்ச ஹவுசிங், அதனால சும்மா வெச்சு முறுக்கிடலாம்னு நினைக்காதீங்க. அளந்துட்டுக் காசு கொடுங்க.

இன்னொண்ணு இருக்கு. பின்னால ஏர் லாக்கர் போட்டுட்டா, பின் லாக் மாட்டியாச்சுங்கிற சிக்னல் ஈசியுவுக்குப் போகாது. அப்புறம் முன் கம்பெனி லாக் வேலை செய்யாது. முன் மோட்டாருக்குத் தனி சுவிட்ச், ரிலே போட்டு வயரிங் பண்ணணும், எல்லையில கரண்டை நிறுத்துற ஏற்பாட்டோட. தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் இல்லாம அதுல இறங்காதீங்க. அதனாலதான் சொல்றேன், மோட்டாரைத் திருத்துறதே எல்லா வகையிலும் லாபம். பழசு ஒண்ணு தனியா கிடைச்சா வாங்கி அதையும் திருத்தி அலமாரியில வெச்சுக்குங்க.

மேட்டுக்குடில்:

முன் லாக் மோட்டார் நன்றாக இருக்கிறது என்றால் நானும் முதல் வண்டிக்கே வாக்களிக்கிறேன். கம்பெனி லாக்கோ ஏர் லாக்கரோ, முன்னால் பூட்டிய பிறகு செய்யக் கூடாத இரண்டு மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்த நிலையில் முன் லாக் போட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் பிரிய வேண்டிய விசை பிடிப்புள்ள ஒரே வீலுக்குப் போகும், அதுவும் பிர்ஃபீல்டு மிக வளைந்து பலவீனமாக நிற்கும் கோணத்தில். "பட்" என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

முன் லாக்கோடு பின்னோக்கி வேகமாக இழுப்பதும் வேண்டாம். 80-இன் முன் டிஃப் 8 இன்ச், பினியன் மேலே இருக்கும் வகை. முன்னோக்கிப் போகும்போது பல்லின் பலமான முகத்தில் பாரம் விழும். ரிவர்ஸில் பலவீனமான முகத்தில் விழுந்து பினியனை கிரவுனிலிருந்து விலக்கித் தள்ளும். சேற்றில் மாட்டினால் ரிவர்ஸில் குலுக்கிக் குலுக்கி வெளியே வர முயல்வது இயல்பு. முன் டிஃப்கள் உடைவது பெரும்பாலும் அந்தக் குலுக்கலில்தான். விஞ்ச் அல்லது மண்வெட்டி.

வன்னிப்பெடியன்:

ஒண்டு விட்டுப்போச்சு. ஆயில் திருப்பி விடேக்க ஜிஎல்-5, 80டபிள்யூ-90 போதும், லிமிட்டட் ஸ்லிப்புக்கான ஆயில் தேவையில்லை. பின்னுக்கு மூண்டேகால் லிட்டர் அளவு பிடிக்கும், நிரப்புற துவாரத்தின்ர விளிம்பால வழியுற வரைக்கும் விடுங்கோ. பழைய ஆயிலை வடிக்க முதல் நிரப்புற நட்டு கழருதோ எண்டு பாருங்கோ. வடிச்சுப்போட்டு மேல் நட்டு கழராமல் நிக்கிற ஆக்கள் கனபேர்.

பிரீதர்க் குழாயை ரெண்டு ஆக்ஸிலுக்கும் போனட்டுக்குள்ள உயரத்துக்கு நீட்டி விடுங்கோ. அது டிஃபுக்குள்ள தண்ணி போறதைத் தடுக்கும், மோட்டாருக்குள்ள போறதை இல்லை. மோட்டாருக்கு மூடிச் சீலன்ட்தான் காவல். ஆத்தில இறக்கின பயணத்துக்குப் பிறகு கனெக்டரைக் கழட்டிப் பச்சை பூத்திருக்கோ எண்டு ஒருக்கால் பாருங்கோ. பூத்திருந்தால் வினிகரில தோய்ச்ச சின்னப் பிரஷ்ஷால துடைச்சு, தண்ணியால கழுவி, நல்லாக் காயவிட்டுத்தான் கிரீஸ் போட வேணும்.

மணல்மேடு:

சரி, முதல் வண்டிக்கே பேசிவிட்டேன், விலையும் இறங்கியது. மோட்டாரை வரும் சனிக்கிழமை கழற்றுகிறேன். ஓ-ரிங் அளவு கடையில் கேட்டால் பழையதைக் கொண்டுவா என்கிறார்கள். அதுவரை ஆக்ஸிலில் அந்தத் துளையை எப்படி மூடி வைப்பது? தகடு வெட்டிப் போட்டால் போதுமா?

பட்டறைவாசி:

தகடு வேண்டாம், விளிம்பு கீறிடும், அப்புறம் ஓ-ரிங் உட்காராது. சுத்தமான துணியை ஒரு பாலித்தீன் பையில சுத்தி அடைச்சு, மேல டேப் ஒட்டிடுங்க. துணியோட ஒரு முனை வெளிய தொங்கட்டும், உள்ளே இருக்கிறது மறக்காது. அது வரைக்கும் வண்டியை நகர்த்தாதீங்க. ஃபோர்க் தண்டைப் பிடிச்சு நிறுத்த இப்ப எதுவும் இல்லை, தானா நகர்ந்து பாதி மாட்டிக்கும்.